முத்தழகிக்கு வந்த ரோஜா மாலை

“ஐயோ முத்தழகி! என்னை இப்படித் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே!”

உள்ளறையிலிருந்து கிளம்பிய அந்த ஓலத்தில், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரின் டம்ளரிலிருந்த காபியில் பாதி டபராவுக்குத் திரும்பியது. அவர் மடியில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை ஒன்று கனமாகக் கிடந்தது.

ஜெயசித்ரா உள்ளறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அடிவயித்துலேருந்து வரலையே” என்று தனக்குள் முணுமுணுத்தவள், வந்தவரிடம் முகம் மலரக் கேட்டாள்: “சக்கரை போதுங்களா?”

“போதுங்கம்மா.” அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். “உள்ள அழுவறது அவருங்களா?”

“எங்க வூட்டுக்காரருங்க. நேத்து சரியாவே அழுவலை. அதான் இன்னிக்கு உக்காந்து நிதானமா அழுவறாரு.”

வந்தவர் கண்ணை மூடித் திறந்தார். அவர் யாரென்று ஜெயசித்ராவுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து அவள் வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தபடிதான் இருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள், அப்பாக்கள், சித்திகள். ஒருத்தி தூக்கு நிறைய இட்லியும் தண்ணிச் சாம்பாரும் கொண்டுவந்து வைத்து, “இன்னிக்கு அடுப்புப் பத்த வைக்காதீங்க டீச்சர்” என்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள். செத்த வீட்டுக்குச் செய்யும் முறையை யாரும் குறைக்கவில்லை. இவரும் ஏதோ ஒரு பிள்ளையின் பெரியப்பாவாக இருப்பார் என்றுதான் ஜெயசித்ரா நினைத்தாள். மாலை வாங்கிவந்ததுதான் கொஞ்சம் அதிகம். ஆனால் பாசத்துக்கு அளவு ஏது?

செத்துப்போன முத்தழகி யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

முத்தழகி ஓர் அம்மோனைட். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடும், ஓட்டின் வாயில் கணவாய் மீனைப் போலக் கைகளும் கொண்ட கடல் உயிர். இன்று கரும்பும் நெல்லும் முந்திரியும் விளைகிற, சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்புகிற அரியலூர்ச் சீமை முழுக்கக் கடலாக இருந்த காலத்தில் நீந்தித் திரிந்த இனம். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனது. ஆனால் முத்தழகி மட்டும் நேற்று சாயங்காலம்தான், வாட்ஸ்அப் குழுவில், பின்னணியில் குடத்தைத் தட்டும் ஓசையோடு உயிரை விட்டாள்.

அவளுக்கு உயிர் கொடுத்ததும் எடுத்ததும் ஜெயசித்ராதான்.

ஜெயசித்ரா உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண். சின்ன வயதிலிருந்தே எதற்கும் கண்ணீர் முட்டிவிடும். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார், “ஒருவர் இறக்கும்போது தன் சொத்தில் பாதியை மனைவிக்கும், மீதியை மூன்று மகன்களுக்கும் வைத்துவிட்டுப் போனார்” என்று கரும்பலகையில் எழுதினார். எல்லாரும் கணக்கைப் போட்டார்கள். ஜெயசித்ரா எழுந்து, “எப்படிங்க சார் செத்தாரு?” என்று கேட்டாள். வெளியே நிற்க வைத்தார்கள். அடுத்த வாரம் இரண்டு ரயில்கள் எதிரெதிரே புறப்பட்டன. “ரயில்ல யாருங்க சார் இருக்காங்க?” என்றாள். மறுபடி வெளியே. அப்படி வெளியே நின்ற நேரத்திலெல்லாம், செத்துப்போன அந்த மனிதருக்கும் ரயிலில் வந்த ஒரு பெண்ணுக்கும் அவளே மனதுக்குள் கல்யாணம் செய்து வைத்து, பிரித்து, மறுபடி சேர்த்து வைத்தாள்.

வளர்ந்து அவளே டீச்சரானாள். தா.பழூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் போகிற ஒரு கிராமத்தில் நடுநிலைப்பள்ளி. வீடும் அங்கேயே. கணக்கும் அறிவியலும் அவளுடையவை. சமூக அறிவியலுக்கு ஆள் போடவில்லை என்பதால் அதுவும் அவள் தலையில் விழுந்தது. பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. வந்த நாளிலிருந்து அதற்குத் துணி போர்த்தி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மற்ற நாட்களில் தள்ளி நின்று கும்பிட்டார்கள். ஜெயசித்ராதான் துணியை உருவி, சந்தனத்தைத் துடைத்து, அதில் பிள்ளைகள் வரைந்த மீன்களை நீந்தவிட்டாள்.

முத்தழகி தொடர் அப்படித்தான் பிறந்தது. பிள்ளைகள் படம் வரைவார்கள். ஜெயசித்ரா போனில் அதை வெட்டி ஒட்டி அசைய வைப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பகுதி பெற்றோர் குழுவில் வரும். திங்கட்கிழமை அதையே ஸ்மார்ட் போர்டில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பாடம் நடக்கும். முத்தழகிக்கு ஜெயசித்ராவே குரல். ஆண் குரல் அத்தனையும் அவள் கணவன் குருநாதன். அரியலூரில் ஒரு லாரி எடை மேடையில் அவருக்கு வேலை. சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டில் வாயே திறக்காத மனிதர், மைக்கைக் கண்டால் சுறாமீனாகிவிடுவார்.

அந்தச் சுறாதான் வில்லன். அவன் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவான். “யூ கேனாட் எஸ்கேப், முத்தழகி!” என்று அவன் உறுமியதிலிருந்து, பள்ளியில் சண்டை போடுகிற பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் சண்டை போட்டார்கள். பென்சிலைத் தொலைத்தவன்கூட “ஐ வில் டேக் ரிவெஞ்ச்!” என்றான்.

பின்னங்கள் வந்த வாரம்தான் ஊரே தொடருக்குள் விழுந்தது. முத்தழகியின் அண்ணன் நல்லதம்பி, அப்பாவின் கடலைப் பங்கு பிரித்தான். “எனக்கு மூணுல ஒரு பங்கு போதும் தங்கச்சி, உனக்கு நாலுல ஒரு பங்கு எடுத்துக்க. மூணை விட நாலு பெரிசு!” என்றான். பேதை முத்தழகி, அண்ணன் பாசத்தை நினைத்துக் கண் கலங்கி, சரி என்றாள். மறுநாள் நூறு நாள் வேலையில் மண் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் போனைச் சுற்றி நின்று, “அடியே, ஏமாத்தறான்டி! சம்மதிக்காதடி!” என்று கத்தினார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மலர்கொடி அங்கேயே ஒரு கரும்பைச் சரிபாதியாக முறித்து, ஒரு பாதியை மூன்றாகவும் மறுபாதியை நான்காகவும் வெட்டிக் காட்டி, எது பெரிசு என்று எல்லாருக்கும் நிரூபித்தாள். ஊரில் நல்லதம்பி என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார். பாவம், ஒரு மாதம் டீக்கடையில் அவருக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை.

இப்படி அமோகமாக ஓடிக்கொண்டிருந்த கதையின் நடுவில்தான், போன வெள்ளிக்கிழமை அந்த போன் வந்தது.

கல்வி அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி. பெயரைச் சொன்னார், ஜெயசித்ராவின் காதில் ஏறவில்லை. குரல் மட்டும் இடி மாதிரி ஏறியது. “உங்க மேல புகார் வந்திருக்கு. நீங்க பாடம் நடத்தறீங்களா, சீரியல் நடத்தறீங்களா? திங்கக்கிழமை நேர்ல வர்றேன். அன்னிக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்!” அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. “ஐயோ!” என்று அவள் பாய்ந்ததில் போன் தரையில் விழுந்து அணைந்துபோனது.

அவள் அழுதாள். அழுதபடியே யோசித்தாள். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? முத்தழகி கடலிலேயே நீந்திக்கொண்டிருப்பாள். அவள் கல்லாக மாட்டாள். தொல்லுயிர் எச்சம் என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். அந்த அதிகாரி வருவதற்குள் முத்தழகி செத்தாக வேண்டும். இன்னும் ஆறு மாதம் வாழ வேண்டியவளை ஜெயசித்ரா சனிக்கிழமை சாயங்காலமே கொன்றாள்.

உள்ளே குருநாதன் மறுபடி ஆரம்பித்தார். “எந்தக் கடல்ல தேடுவேன்! எந்த அலையில பாப்பேன்!” நேற்று அவசரத்தில் அனுப்பிய ஒப்பாரியில் மின்விசிறிச் சத்தம் கலந்துவிட்டது. நாளை அதிகாரி முன்னால் போட்டுக் காட்டத்தான் இந்தப் புதுப் பதிவு. கதவைச் சாத்தி, மெத்தையை நிமிர்த்தி வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

மாலைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீங்க தங்கச்சிங்களாம்மா? முகம் அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு.”

“முத்தழகிக்கா?” ஜெயசித்ராவுக்குப் பெருமை பொங்கியது. “தங்கச்சின்னும் சொல்லலாம், அம்மான்னும் சொல்லலாம். எல்லாம் நான்தாங்க.”

அவர் தலையை ஆட்டினார். துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவர் முகமே சொன்னது.

“எனக்கு மனசே சரியில்லைங்கம்மா. இதுக்கு நானும் ஒரு காரணம்.”

“நீங்க என்னங்க பண்ணுவீங்க? இது என்னிக்கோ எழுதி வச்சது. நேத்தே முடிச்சிருக்க வேண்டியதில்லை, அது மட்டும்தான் எனக்கு வருத்தம்.”

“முடிச்சு... யாரு முடிச்சது?”

“நான்தாங்க. இந்தக் கையால.”

நாற்காலி இரண்டங்குலம் பின்னால் நகர்ந்தது.

“வேற வழி தெரியலைங்க,” என்று முந்தானையைக் கண்ணில் ஒற்றினாள். “வெள்ளிக்கிழமை ஒரு ஆபீசரு போன் பண்ணி வாய்க்கு வந்தபடி கத்தினாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். அந்தாளு வந்து சேர்றதுக்குள்ள கதையை முடிச்சு மண்ணைப் போட்டு மூடிடணும்னு. இவருகிட்ட சொன்னேன். அழுவறதை நான் பாத்துக்கறேன், நீ முடின்னாரு.”

வந்தவர் வாசலைப் பார்த்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவில் ஜெயசித்ரா உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் உள்ளறைக் கதவு திறந்தது. குருநாதன் வந்தார். மேலே சட்டை இல்லை. மின்விசிறி இல்லாத அறையில் வெந்து, உடம்பெல்லாம் வேர்வை வழிய, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அழுது அழுது கண் சிவந்திருந்தது. காரியம் முடித்து ஆற்றிலிருந்து நேராக ஏறி வந்தவர் மாதிரியே இருந்தார். வந்தவருக்குப் பயத்தை மீறி இரக்கம் பொங்கிவிட்டது. எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

“சார்! மனசைத் தேத்திக்குங்க சார்!”

முன்பின் தெரியாத மனிதர் கட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று குருநாதனுக்குத் தெரியவில்லை. அவரும் பதிலுக்கு முதுகில் தட்டினார். “எனக்கு ஒண்ணும் இல்லைங்க. இன்னும் ஒரே ஒரு தடவை அழுதா முடிஞ்சுது. கடைசியில இருமல் வந்துடுச்சு, கெட்டுப்போச்சு.”

“ஏன் சார் இப்படியெல்லாம் பேசறீங்க? உங்க வருத்தம் எனக்குப் புரியுது.”

“வருத்தம் என்னங்க வருத்தம்? இவ போனா என்ன, அடுத்த வாரமே இன்னொருத்தி வர்றா. சித்ராதான் பாத்து முடிவு பண்ணினா. பேரு சத்யப்பிரியா. நல்ல களையான பொண்ணு.” குருநாதன் விரலை விரித்துக் காட்டினார். “அஞ்சு கை.”

“என்னது?”

“அஞ்சு கைங்க. நட்சத்திர மீனுக்கு அஞ்சுதானே? ஒண்ணை வெட்டினா மறுபடி முளைக்கும்.”

வந்தவரின் வாய் திறந்தது, மூடவில்லை. அவர் என்ன கேட்டிருப்பாரோ, அதற்குள் மலர்கொடி வாசலில் வேகமாக வந்து நின்றாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. கையில் போன்.

“டீச்சர்! நல்லா இருக்கீங்கல்ல? மாரியம்மா தாயே! இந்த வீரமுத்து பண்ணின காரியத்தைப் பாத்தீங்களா?”

வீரமுத்து, ஆறாம் வகுப்பு மஞ்சுவின் அப்பா. தா.பழூர் முக்கில் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். முத்தழகி செத்ததும் மகள் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்க, பெற்ற மனம் பொறுக்காமல், தன் செலவிலேயே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கடை வாசலில் கட்டிவிட்டார். படத்துக்கு எங்கே போவது? குழுவின் முகப்பில் ஒரு படம் இருந்தது. முத்தழகிக்குக் குரல் கொடுப்பது டீச்சர் என்பதால், பிள்ளைகள் சுருண்ட ஓட்டுக்குள் டீச்சரின் முகத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். ஜாங்கிரியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். இரங்கல் பேனரில் ஜாங்கிரி எதற்கு என்று வீரமுத்து அதை வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பறக்கும் புறா, கீழே ‘உன் பிரிவால் வாடும் ஆறாம் வகுப்பு’ என்று போட்டுவிட்டார்.

மலர்கொடி நீட்டிய போனில் ஜெயசித்ரா தன்னைப் பார்த்தாள். எட்டடி உயரம். உதட்டில் புன்னகை. நெற்றியில் அச்சடித்த சந்தனப் பொட்டு.

ஒரு கணம் அவளுக்குக் கண் நிறைந்தது. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்! அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது.

“நான் சாகலையே!”

“அதைத்தான் நானும் டீக்கடையில கேக்காம விட்டுட்டேன்,” என்றார் வந்தவர். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “தா.பழூர்ல எங்க அக்கா பேத்திக்குக் காது குத்து. பஸ்ஸை விட்டு எறங்கினா பேனரு. படத்துல யாருப்பான்னு கேட்டேன், ஜெயசித்ரா டீச்சருங்க, ஊரே அழுவுதுங்கன்னான். எனக்கு உசுரே போயிடுச்சு. காது குத்துக்குக்கூடப் போவலை. அங்கேயே மாலையை வாங்கிக்கிட்டு ஆட்டோ புடிச்சு வந்தேன். வெள்ளிக்கிழமை நான் போன்ல கத்தினப்ப, ஐயோன்னு ஒரு சத்தம், தடால்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்லை. நான் கத்தித்தான் நெஞ்சு அடைச்சிருச்சுன்னு நெனச்சேன். முத்தழகிங்கறது வூட்டுல கூப்புடற பேராக்கும்னு இருந்துட்டேன்.”

ஜெயசித்ரா போனை மலர்கொடியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்க...” என்றாள் ஜெயசித்ரா.

“வைத்திலிங்கம். குரும்பலூர்.” அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அந்தாளு.”

குருநாதன் சத்தமில்லாமல் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஜெயசித்ரா சட்டென்று எழுந்து நின்றாள். அதிகாரியை ‘அந்தாளு’ என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியாயிற்று. மண்ணைப் போட்டு மூடுவதாகவும் சொல்லியாயிற்று. நாளை வர வேண்டிய தீர்ப்பு இன்றைக்கே அவள் காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இருபது வருட டீச்சர் வேலையில் கிடைத்த ஒரே சந்தோஷம், அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்கள், இனி அவ்வளவுதான்.

“புகாரு என்னன்னு தெரிஞ்சுக்கலாங்களா சார்?” என்று மலர்கொடி கேட்டாள். பள்ளிக் குழுத் தலைவி என்ற முறையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“பேரைச் சொல்லக் கூடாதும்மா. ஒரு பெற்றோர். ஸ்கூல்ல பாடம்னு சொல்லி சீரியல் அனுப்பறாங்க. வெள்ளிக்கிழமை ஆனா வூட்டுல பிள்ளைக்கு முன்னாடி பிள்ளையோட அம்மா போனைப் புடுங்கிடறாங்க. குழம்பு தீய்ஞ்சு போவுது. தொடர்ந்து மூணு வெள்ளிக்கிழமை தீய்ஞ்சிருக்கு.”

மலர்கொடியின் கண் சுருங்கியது. “என்ன குழம்பு சார்?”

“கத்திரிக்காய் காரக்குழம்பு.”

“மூணாவது வாரம் சட்டியே ஓட்டை விழுந்துடுச்சுன்னு எழுதியிருந்துச்சுங்களா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது எங்க வூட்டுக்காரரு கலைச்செல்வன் சார்.” மலர்கொடியின் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. “அந்தப் புகாரு வாபஸ் ஆவும் சார். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள.”

“அவரே எழுதித் தரணும்மா.”

“எழுதாம எங்க போவாரு?”

கலைச்செல்வனுக்காக அந்தக் கூடமே ஒரு நிமிடம் மௌனம் காத்தது.

வைத்திலிங்கம் பெருமூச்சு விட்டார். “புகாரு போனாலும் நான் பாக்க வேண்டியதைப் பாக்கணும். பாடமா, சீரியலான்னு எனக்குத் தெரியணும். ஊரை அழ வச்ச அந்தக் கடைசிப் பகுதியைப் போடுங்க.”

ஜெயசித்ரா போனைத் தட்டினாள். அலமாரி மேலிருந்த புளூடூத் ஸ்பீக்கரில் குடத்தின் தாளம் எழுந்தது. திரையில், எங்கோ விண்கல் மோதிக் கிளம்பிய புழுதியில் வானம் இருண்டது. நாள்கணக்கில் வெயில் இல்லை. கடலில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பச்சை உயிர்கள் வெயில் இல்லாமல் வாடின. அதைத் தின்றவை பட்டினி. பட்டினி கிடந்ததைத் தின்றவையும் பட்டினி. முத்தழகி தன் பங்கான கால்வாசிக் கடலில் இரை தேடித் தேடிக் களைத்து, மெல்ல மெல்லச் சேற்றில் இறங்கினாள். ஜெயசித்ராவின் குரல் தழுதழுத்தது: “என் மேல மண்ணு படியுது. மண்ணு மேல மண்ணு. என் உடம்பு கரைஞ்சு போயிடும், என் ஓடு கல்லாயிடும். கடலு ஒரு நாள் இந்த ஊரை விட்டுப் போயிடும். ஆனா நாங்க போக மாட்டோம். சாமிங்களா, உங்க வூட்டுச் சுவத்துல கையை வச்சுப் பாருங்க. அந்தச் சிமெண்ட்டுக்கு வெட்டின சுண்ணாம்புக்கல்லுல எங்க சனம் இருக்கு.”

மலர்கொடி போய்ச் சுவரில் கையை வைத்தாள். நேற்றும் வைத்தவள்தான், மறுபடி வைத்தாள். பின்னாலேயே வைத்திலிங்கமும் போய் வைத்தார். குருநாதன் தினமும் எத்தனையோ டன் சனத்தை எடை போட்டு அனுப்புகிறவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மின்விசிறிச் சத்தத்தோடு ஒப்பாரி எழுந்தது. ஒலிப்பதிவு மோசம்தான், ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முடிந்ததும் அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“டீச்சர், ஒரு விஷயம். தொடரை நீங்க தொடர்ந்து நடத்துங்க. நான் பொறுப்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. அவளைப் பொழைக்க வச்சிடுங்க.”

“சார்?”

“சேத்துல மயக்கமாத்தான் கிடந்தான்னு வச்சிடலாம். என்ன இப்போ?”

“அதான் டீச்சர்!” மலர்கொடிக்கு முகமெல்லாம் பல். “பழசெல்லாம் மறந்துபோயி வேற கடல்ல இருக்கான்னு வையுங்க. நான் நேத்தே சொல்லலாம்னு இருந்தேன்.”

“இரட்டைப் பிறவி,” என்றார் குருநாதன் கூச்சத்தோடு. “செத்தது மத்தவ.”

ஜெயசித்ராவின் இதயம் ஒரு துள்ளு துள்ளியது. இரட்டைப் பிறவி! அவள் அதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். பேர்கூட வைத்தாகிவிட்டது. கோவில் திருவிழாவில் தொலைந்த தங்கை, கழுத்தில் பாதிச் சிப்பி. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிகாரியும் ஊரும் சந்தோஷப்படும், வெள்ளிக்கிழமைகள் தப்பிக்கும். அவள் வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் முதலில் வந்தது.

“முடியாதுங்க சார்.”

“என்னம்மா?”

“எனக்கு ஆசை இல்லைன்னு நெனைக்காதீங்க. பெத்த பொண்ணைப் பொதைச்ச மாதிரி இருக்கு. ஆனா அம்மோனைட்டுல ஒண்ணுகூட மிச்சமில்லை சார். உலகத்துல எந்தக் கடல்லயும் இல்லை. ஒருத்தி பொழைச்சான்னு நான் சொன்னா, பிள்ளைங்க அப்படியே நம்பிடும். நாலுல ஒண்ணை விட மூணுல ஒண்ணு பெரிசுன்னு எப்படி நம்பிச்சுங்களோ, அதே மாதிரி நம்பும். பரீட்சையில எழுதும். பாடம் பொய்யாயிடும்.” மூக்கை உறிஞ்சினாள். “நிறுத்தணும்னா நிறுத்திக்குங்க. நாளைக்கே சாக்பீஸை எடுத்துக்கறேன். ஆனா செத்தவ செத்தவதான் சார்.”

மலர்கொடி “ஐயோ டீச்சர்” என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். அதிகாரியின் வார்த்தையை மறுத்துப் பேசிவிட்ட மனைவியைக் குருநாதன் வாயைப் பிளந்து பார்த்தார். வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெயசித்ராவைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், இன்னும் சுவரில் ஒட்டியிருந்த மலர்கொடியின் மறு கையைப் பார்த்தார்.

“அந்த அஞ்சு கைக்காரி,” என்றார் கடைசியில். “எந்த வெள்ளிக்கிழமை வர்றா?”

“சார்?”

“என் நம்பரையும் அந்தக் குரூப்புல சேத்து வுடுங்க. ஆய்வுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்லை.”

ஜெயசித்ரா மறுபடி அழுதாள். இந்தத் தடவை குருநாதனும் சேர்ந்துகொண்டார். அடிவயிற்றிலிருந்து வந்தது. பதிவு செய்யத்தான் ஆள் இல்லை.

மிச்சம் இருந்தது மாலைதான். செத்தவர்களுக்கென்று வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. காது குத்து வீட்டுக்கு அதை எடுத்துப் போனால் அக்காவே அவரைத் தொலைத்துவிடுவாள். உயிரோடு இருக்கிற டீச்சருக்கும் போட முடியாது. வைத்திலிங்கம் அதைக் கையில் ஏந்தியபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“அவளுக்கே போட்டுடுங்க சார்,” என்று ஜெயசித்ரா வாசலைக் காட்டினாள்.

அந்த வீட்டு வாசல் கதவுக்கு நிலை கோணல். விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு கல் கிடந்தது. உள்ளே வரும்போது வைத்திலிங்கம் கால் கட்டைவிரலை அதில்தான் இடித்துக்கொண்டார். குருநாதனின் அப்பா கொல்லையில் கிணறு வெட்டியபோது மண்ணோடு வந்த கல். ஆட்டுக்கடாக் கொம்பு போலச் சுருண்டு சுருண்டு, நடுவில் ஒரு புள்ளியில் முடியும். பள்ளிக்கு எடுத்துப்போய் ஸ்மார்ட் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது, பிள்ளைகள் அதைத் தடவித் தடவித்தான் முத்தழகியை வரைந்தார்கள்.

“இதுதானா?” வைத்திலிங்கம் குனிந்தார். “இவளையா நான் உதைச்சேன்?”

குருநாதன் கல்லைத் தூக்கிவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். மலர்கொடி முந்தானையால் புழுதியைத் துடைத்தாள். வைத்திலிங்கம் கையைக் கழுவிக்கொண்டு வந்து மாலையைச் சாத்தினார். கல்லுக்கு மாலை பெரிது. இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. மலர்கொடி அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். அப்புறம் கலைச்செல்வனைப் பார்க்க விடுவிடென்று கிளம்பிப் போனாள்.

“வர்றேம்மா,” என்றார் வைத்திலிங்கம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. இது துக்க வீடா, இல்லையா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. பேசாமல் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். ஆட்டோ அருகில் போனவர் எதையோ நினைத்துக்கொண்டு அவசரமாகத் திரும்பி வந்தார்.

“டீச்சர், கேக்க மறந்துட்டேன். அந்த அண்ணன்காரன் நல்லதம்பி, மூணுல ஒரு பங்கைச் சுருட்டினானே, அவன் என்ன ஆனான்?”

முட்டுக்கொடுக்கக் கல் இல்லாத கதவு, அவர் முகத்துக்கு நேராக மெல்ல நகர்ந்து வந்து சாத்திக்கொண்டது.